போட்ட தேதியும் கிடைச்ச தேதியும்

அந்தமானுக்கு வேலைக்கு வந்த புதுசு. பெரியப்பா தவறிட்டார்னு அப்பா ஊரிலிருந்து போட்ட கடிதம் என் கைக்கு வந்தப்போ பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருந்தது. கடல் சரியில்லை, கப்பல் லேட். யாரைக் குத்தம் சொல்ல? கடிதம் போட்ட தேதி வேற, கிடைக்கிற தேதி வேற.. தீவு எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான்.

2024-ல இதே பாடம் டெல்லியில் ஓடுச்சு. மார்ச் 16 அன்னிக்கு தேர்தல் தேதி அறிவிச்சாங்க. அப்பவே நடத்தை விதிகளும் அமலுக்கு வந்தாச்சு. ஆனா, முந்தின நாள் தேதி போட்ட பிரதமரின் கடிதம் 'விகசித் பாரத் சம்பர்க்' பேரில் வாட்ஸப்பில் அதுக்கப்புறமும் வந்துக்கிட்டிருந்தது. அமீரகத்தில் இருக்கிற வெளிநாட்டுக்காரங்களுக்குக்கூட வந்துச்சுன்னு செய்தி! புகார்கள் போனதும், மார்ச் 21-ல தேர்தல் ஆணையம் உடனே நிறுத்தச் சொல்லிடுச்சு. தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பதில்: "விதிகள் வருமுன்பே அனுப்பியாச்சு, நெட்வொர்க் காரணமா சிலருக்குத் தாமதமாப் போயிருக்கலாம்."

"நம்ம கப்பல் கதைதான்"னு தங்கமணி சிரிச்சாங்க.

எனக்குச் சிரிப்பு வரலை. அமெரிக்காவில் 1775-லேர்ந்தே மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு சலுகை உண்டு. ஸ்டாம்புக்குப் பதில் கையெழுத்து போட்டாப் போதும், செலவு அரசாங்கத்துடையது. ஆனா தேர்தலுக்கு முந்தைய 60 நாளில், போட்டியிடுறவங்க அப்படி மொத்தமாக் கடிதம் அனுப்பக் கூடாது. தனக்கு வந்த கடிதத்துக்குப் பதில் போடலாம், அவ்வளவுதான். அந்தக் கணக்கை நமக்குப் போட்டுப் பாருங்க. எங்க ஒரே எம்.பி. தொகுதியும் தமிழ்நாடு முழுக்கவும் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. பிப்ரவரி 19-லேயே கதவைச் சாத்தியிருக்கணும். நம்ம விதிகளோ தேர்தலை அறிவிக்கிற நாளில்தான் தொடங்குது; ஓட்டுக்கு 34 நாள்தான் பாக்கி. அறிவிப்புக்கு முந்தின ராத்திரி அனுப்பினா விதியை மீறினதா ஆகாது, ஆனா படிக்கிறவன் தேர்தல் நேரத்தில்தான் படிக்கிறான்.

இதில் கட்சி பேதம் கிடையாதுங்க. நாளைக்கு யார் ஆண்டாலும் இதே இடைவெளி இருக்கும். எதிர்த்து நிக்கிறவர் நோட்டீஸ் அடிக்கக் கைக்காசைப் போடறார். ஆள்றவர் கடிதம் நம்ம வரிப்பணத்தில் வருது.

பெரியப்பா விஷயத்தில் கடல்மேல பழியைப் போட்டுட்டேன். இதுக்கும் நெட்வொர்க்மேல போட்டுட்டுப் பேசாம இருந்துடலாமா? நீங்களே சொல்லுங்க.