அண்ணாச்சியின் மஞ்சள் பை

இவ்வாண்டு முதியோர் இல்லத்துக்கு அரிசியும் பருப்பும் வாங்க மயிலாப்பூர்க் கடைத்தெருவுக்குச் சென்றோம். பை கொண்டுபோக மறந்துவிட்டோம். “அண்ணாச்சி, கவர் கொடுங்கள்” என்றோம்.

“2019 ஜனவரியிலிருந்தே தடையாச்சே, பாப்பா! கவர் இல்லேன்னா சில பேர் அடுத்த கடைக்குப் போறாங்க. போகட்டும்” என்றவர், தம் மஞ்சள் பையைத் தந்தார். சுற்றுச்சூழல் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய நாங்கள் நாணித் தலைகுனிந்தோம்.

பெரும் லாபம் ஈட்டும் கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். சிறு கடைக்காரரான அண்ணாச்சியை அந்த விதி கட்டாது, மனச்சாட்சியே கட்டியது. வாங்குகிற நமக்கும் அதில் பங்கில்லையா, தோழியரே?

மறுநாளே அவர் பையைத் திருப்பிக் கொடுத்தோம். கையில் எங்கள் பையும் இருந்தது.