ஆயிரம் டாலருக்குள் ஒரு ரைஃபிள்

ஆயிரம் டாலருக்குள் தரமான ஒரு ரைஃபிளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் பிறந்து டெக்சாஸில் சம்பளக் கணக்குப் பார்க்கும் ஒருத்திக்கு இது எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் எதை வாங்குவதானாலும் நாலு இடத்தில் விசாரித்துப் பட்டியல் போடுவது என் வேலை. கிரைண்டர், கார், மகனின் பல்லுக்குக் கம்பி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அப்படித்தான் வந்தன. துப்பாக்கியும் அந்த வரிசையில் என்னிடம் வந்து சேர்ந்தது.

2023 மே 6 அன்று, டல்லாஸுக்கு வடக்கே ஆலன் நகரத்து அவுட்லெட் மாலில் ஒருவன் ஏஆர்-15 வகை ரைஃபிளால் எட்டுப் பேரைக் கொன்றான். இறந்தவர்களில் ஓர் இந்தியப் பெண் பொறியாளரும் உண்டு. பள்ளி திறக்கும் முன் நாங்கள் சட்டை வாங்கப் போகும் இடம் அது. அடுத்த வாரம் எங்கள் வாட்ஸப் குழுக்களில் பேச்சு மாறிவிட்டது. பச்சை அட்டை கிடைத்த ஆண்கள் ஒவ்வொருவராகத் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். அந்த வருட ஆயுத பூஜைக்கு ஒரு வீட்டிலிருந்து வந்த படத்தில் மடிக்கணினிக்கும் கார் சாவிக்கும் நடுவே, சந்தனப் பொட்டு வைத்து ஒரு கறுப்பு ரைஃபிள் கிடந்தது.

என் இணையரும் முடிவு செய்திருந்தார். “நீதான் எதையும் அலசி வாங்குவ. ஆயிரத்துக்குள்ள எது நல்லதுன்னு பாத்துச் சொல்லேன்” என்றார். பார்த்தேன்.

எவர்சில்வர் பாத்திரத்தைச் சுண்டிப் பார்த்து வாங்கும் அம்மாவிடம் வளர்ந்தவள் நான். பொருளின் தரம் அதன் பளபளப்பில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்பது அவள் சொல்லிக்கொடுத்தது. ஏஆர்-15க்கும் அதே விதிதான். வெளிச்சட்டம் 7075 ரக அலுமினியத்தை அடித்து உருவாக்கியதாக இருக்க வேண்டும். குழல் 4150 ரக எஃகாக இருந்தால் நல்லது. உட்புறம் குரோமியம் பூசியோ நைட்ரைடு செய்தோ இருந்தால் துருவும் தேய்மானமும் குறையும். உள்ளே முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டில் விரிசல் இருக்கிறதா என்று காந்தத் துகள் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். போல்ட்டைத் தாங்கும் பாகத்தின்மேல் உள்ள வாயுக் குழாய்த் திருகுகள் தளராதபடி உலோகத்தை ஓரத்தில் நெரித்து அடித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மலிவு விலையில் முதலில் கைவிடப்படுவது இந்த வேலைதான். அறை 5.56 நேட்டோ அளவில் இருந்தால் .223 தோட்டாவையும் சுடலாம். .223க்கென்று செய்த அறையில் 5.56ஐப் போடக் கூடாது.

‘மில்-ஸ்பெக்’ என்ற சொல் எல்லா விளம்பரத்திலும் இருக்கும். இராணுவம் வாங்கும்போது அந்த அளவுகோலைச் சரிபார்க்க ஆள் உண்டு. கடையில் வாங்கும் நமக்கு நிறுவனத்தின் சொல் மட்டும்தான். 500 முதல் 700 டாலருக்குள் ஸ்மித் அண்ட் வெஸன், ரூகர் போன்றவற்றின் தொடக்கநிலை ரைஃபிள்கள் கிடைக்கும். 2,000 டாலர் பக்கம் போனால் டேனியல் டிஃபென்ஸ். நடுவில் நிறைய உண்டு. ஆனால் துப்பாக்கியின் விலை மட்டுமே செலவு அல்ல. குறிபார்க்கும் கருவி, தோட்டா, காதுக் காப்பு, பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டி வைக்க ஓர் இரும்புப் பெட்டி என்று சேர்த்தால் ஆயிரம் டாலர் இரண்டாயிரத்தை நெருங்கிவிடும். பெரும்பாலான ஆண்கள் போட்ட பட்டியலில் நல்ல குறிக்கருவி இருந்தது, நல்ல பெட்டி இல்லை.

இந்த ரைஃபிள் பெண்களுக்கு ஏற்றது என்றும் விற்கிறார்கள். சுமார் 3 கிலோதான், தோளில் உதைப்பது குறைவு, பின்கட்டையை உயரத்துக்குத் தக்கபடி நீட்டிச் சுருக்கலாம். எல்லாமே உண்மை. 1950களின் பிற்பகுதியில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் இதை உருவாக்கியபோது, போர்வீரன் இலேசாகத் தூக்கிக்கொண்டு நிறையத் தோட்டா சுமக்க வேண்டும் என்பது நோக்கம். 1959இல் உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது. தானாகத் தொடர்ந்து சுடும் இராணுவ வடிவம் எம்16 ஆயிற்று. ஒவ்வொரு சுடுதலுக்கும் விசையை ஒருமுறை இழுக்க வேண்டிய வடிவம் கடைக்கு வந்தது. 1994இல் வந்த தடைச் சட்டம் 2004இல் காலாவதியானது. அதற்குப் பிறகுதான் இது அமெரிக்க வீட்டுப் பொருளானது. இன்று 2 கோடிக்கும் மேல் மக்கள் கையில் இருப்பதாகத் துப்பாக்கித் தொழில் அமைப்பே மதிப்பிடுகிறது.

எப்படி விற்றார்கள் என்பதைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புஷ்மாஸ்டர் நிறுவனம் ரைஃபிள் படம் போட்டு, உங்கள் ‘ஆண் அட்டை’ திரும்ப வழங்கப்பட்டதாகக் கருதிக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்தது. ஆண்மை என்பது பறிபோகக்கூடிய, காசு கொடுத்து மீட்கக்கூடிய ஒன்று. அந்த நிறுவனத்தின் ரைஃபிளைச் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்தவர் ஒரு தாய். 2012 டிசம்பர் 14 அன்று மகன் முதலில் சுட்டுக்கொன்றது அவரைத்தான். பிறகு அந்த ரைஃபிளோடு சாண்டி ஹூக் பள்ளிக்குப் போய் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றான். ஒன்பது குடும்பங்கள் தொடுத்த வழக்கில் இந்த விளம்பர முறையே குற்றச்சாட்டானது. 2022இல் 7.3 கோடி டாலர் தர ஒப்பந்தமானது. 26 பேர் என்று உலகம் எண்ணும்போது அந்தத் தாய் கணக்கில் வருவதில்லை.

என் மகனுக்கு அப்போது பதினாறு வயது. அந்த வருடம் அவன் அறைக் கதவு மூடியே இருந்தது. பயப்படும்படி ஏதுமில்லை, அந்த வயதுதான் என்று மருத்துவர் சொன்னார். இருக்கலாம். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்பவர்கள். மாத்திரை விழுங்கியவர்களில் மிகப் பலர் பிழைக்கிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. ஒரு கெட்ட சாயங்காலத்துக்கும் மறுநாள் காலைக்கும் நடுவே என்ன கைக்கு எட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கும் இதே கேள்விதான். 2003இல் ஜாக்குலின் கேம்ப்பெல் தலைமையில் வெளியான ஆய்வு, அடிக்கும் ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டுமானால் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்காகிறது என்றது. கலிபோர்னியாவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு வாழ்பவர்கள் தங்கள் இணையரால் வீட்டிலேயே சுடப்பட்டு இறக்கும் விகிதம் ஏழு மடங்குக்கு மேல். அவர்களில் 84 சதவீதம் பெண்கள். அது கைத்துப்பாக்கி பற்றிய ஆய்வு, ரைஃபிளால் நடக்கும் கொலைகள் குறைவு. அதையும் பட்டியலில் எழுதினேன். மறைத்துப் பேசினால் வாதம் நிற்காது.

வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தையும் படித்தேன். எச்-1பி, எச்-4 விசாக்காரர்கள் வாங்க முடியாது, வேட்டை உரிமம் போன்ற விலக்குகள் இருந்தாலொழிய. குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்றிருக்கிறாயா, உன்மீது நீதிமன்றத் தடையாணை இருக்கிறதா என்றும் கேட்கிறது. நல்ல கேள்விகள். ஆனால் படிவம் காகிதத்தை மட்டுமே நம்பும். நம் வீடுகளில் காகிதம் உருவாவதில்லை. அடி வாங்கியவள் போலீஸை அழைத்தால் அவன் விசா என்னாகும், அவனைத் தொற்றி நிற்கும் தன் எச்-4 என்னாகும், ஊரில் மாமியார் என்ன சொல்வார் என்று நினைத்துப் போனைக் கீழே வைக்கிறாள். பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பச்சை அட்டை வரும்போது, அவன் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுதுகிறான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யும் அல்ல.

அந்தக் காகிதமும் அப்போது ஆட்டம் கண்டிருந்தது. தடையாணை உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லாது என்று, டெக்சாஸ் அடங்கிய ஐந்தாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 தொடக்கத்தில் தீர்ப்பளித்திருந்தது. 2024 ஜூன் மாதம்தான் உச்ச நீதிமன்றம் ரஹிமி வழக்கில் 8-க்கு 1 என்று அதைத் திருத்தியது. நான் போல்ட்டையும் குழலையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது இந்த இடைவெளியில்.

தோழிகள் சிலர் வேறு மாதிரிப் பேசினார்கள். “அப்ப நாமளே வாங்குவோம். வேலுநாச்சியார் பரம்பரைதானே” என்றாள் ஒருத்தி. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். 2019க்கும் 2021க்கும் இடையே இந்த நாட்டில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். தனியாக வாழ்பவளின் பயத்தை எள்ளிப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் வேலுநாச்சியாருக்கு எதிரி வெளியிலிருந்து வந்தான். பெண்ணைக் கொல்பவன் பெரும்பாலும் அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனவன்.

பட்டியலை முடித்து இணையரிடம் கொடுத்தேன். முதல் மூன்று ரைஃபிள்கள், அவற்றின் குறைநிறை, பெட்டியோடு சேர்த்து மொத்தத் தொகை. கடைசிக் கட்டத்தில், இந்த வீட்டில் யார் யார் இருக்கிறோம், யாருக்கு என்ன வயது, சாவி யாரிடம் என்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டு உள்சுவர்கள் ஜிப்சம் பலகை என்பதையும், நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் போகும் தோட்டா மகனின் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே நிற்காது என்பதையும் எழுதியிருந்தேன்.

அவர் நெடுநேரம் படித்தார். “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்றார்.

அவர் ஒருபோதும் என்மேல் கை ஓங்கியதில்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் பெண்ணுக்குச் சாதகமாக அமையாது. ‘இருக்கிறது’ என்றால் துப்பாக்கி வரும். ‘இல்லை’ என்றால் குடும்பம் போகும். “இன்னிக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. இது நாப்பது வருஷம் உழைக்குமாம். நாப்பது வருஷத்துக்கு இந்த வீட்ல இருக்கற ஒவ்வொருத்தர் மேலயும் நான் நம்பிக்கை வைக்கணும், என்னையும் சேர்த்து. அதுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது” என்றேன்.

மூன்று வாரம் வீட்டில் அளந்து பேசினோம். பிறகு அவர் அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். வாங்கவில்லை. மனம் மாறியதா, ஓய்ந்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

நல்ல கருவி என்றால் யார் இழுத்தாலும், எந்த மனநிலையில் இழுத்தாலும், தவறாமல் வேலை செய்வது. அந்தத் தரத்துக்குத்தான் அதிகப் பணம் கொடுக்கிறோம். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். எஃகின் ரகத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பெட்டியின் சாவி யாரிடம், திறக்கும் எண் யாருக்குத் தெரியும், ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் அது செல்லுமா என்று நீங்கள் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் கவனமாகக் கேளுங்கள்.