பட்டாசுக் கடை வெப்சைட்டும் திறக்காத ஒரு லிங்க்கும்

போன தீபாவளி ராத்திரி எட்டரை மணி இருக்கும். எனக்கு கேஷுவாலிட்டி ட்யூட்டி.

ஆறு வயசுப் பையனைத் தூக்கிக்கிட்டு ஒரு அப்பா ஓடி வந்தார். எரிந்து முடிந்து கீழே கிடந்த கம்பி மத்தாப்பை வெறுங்கையால் எடுத்திருக்கிறான். வெளிச்சம் அணைஞ்சாலும் கம்பியில் சூடு இறங்க நேரமாகும், அது அவனுக்குத் தெரியாது. உள்ளங்கை முழுக்க டூத்பேஸ்ட்.

"ஏங்க, குழாய்த் தண்ணியில காட்டலையா?"

"உங்க லிங்க் வாட்ஸப்ல வந்துச்சு டாக்டர். தீக்காயம் பட்டா என்ன செய்யணும்னு இருந்துச்சு. திறந்தா 404ன்னு வருது. அதான் பக்கத்து வீட்ல சொன்னாங்கன்னு பேஸ்ட் தடவிட்டோம்."

அந்த லிங்க்கை அனுப்பியது நான். அந்தப் பக்கத்தை உருவாக்கியதும் நான்தான்.

கொஞ்சம் பின்னாடி போறேன் நண்பர்களே.

சிவகாசியில் என் சித்தி மகனுக்குச் சின்னதா ஒரு பட்டாசுக் கடை. சீசனுக்கு முன்னாடி வந்து, "அண்ணே, எல்லாரும் வெப்சைட் வெச்சிட்டாங்க. நீங்கதான் லாக்டவுன்ல கோடிங் எல்லாம் படிச்சீங்களே, நமக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க"ன்னான். காசு வேண்டாம், ஆனா சைட்ல ஒரு பக்கம் எனக்கு வேணும், தீக்காய முதலுதவி போடணும்னு சொன்னேன். சரின்னுட்டான். பட்டாசு விக்கிற இடத்துலயே அது இருந்தாத்தான் வாங்குறவங்க கண்ணில் படும்னு எனக்கு ஒரு கணக்கு.

ரியாக்ட்டில் ஒற்றைப் பக்க ஆப்பாக எழுதினேன். முகப்பு, விலைப்பட்டியல், ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பக்கம், அப்புறம் என் தீக்காயப் பக்கம். இதற்குத்தான் ரவுட்டிங். எந்த முகவரிக்கு எந்தத் திரை என்று ஒரு பட்டியல் எழுதி வைக்கிறோம்.

இதில்தான் கோட்டை விட்டேன்.

நம்ம ஆஸ்பத்திரியை நினைச்சுக்கோங்க. வாசல் ஒன்று, உள்ளே ரிசப்ஷன். எக்ஸ்ரே எங்கே, லேப் எங்கே, எல்லாம் ரிசப்ஷன்ல இருக்கிற அக்காவுக்குத் தெரியும். வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ரிசப்ஷன் மட்டும்தான்.

ஒற்றைப் பக்க ஆப்பும் அப்படித்தான். சர்வரில் உண்மையில் இருப்பது ஒரே ஒரு பக்கம். அது உங்கள் போனில் இறங்கியதும் அதற்குள் இருக்கும் ரவுட்டர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். நீங்கள் உள்ளே ஒன்றைத் தட்டினால் சர்வரைக் கேட்காமலேயே முகவரியை மாற்றி, திரையையும் மாற்றிவிடும். ரவுட்டர்தான் ரிசப்ஷன் அக்கா.

ஆனா வாட்ஸப் லிங்க்கைத் தட்டி வருகிறவர் இன்னும் உள்ளேயே வரவில்லை. அவர் நேராக வாசலில் நின்று "தீக்காயப் பக்கம் எங்கே"ன்னு கேட்கிறார். சர்வர் தேடிப் பார்க்கும். அந்தப் பெயரில் ஒரு ஃபைலும் கிடையாது. 404ன்னு திருப்பி அனுப்பிவிடும்.

எனக்கு ஏன் தெரியவில்லை? ரெண்டு காரணம். ஒண்ணு, நான் எப்பவும் முகப்பிலிருந்து தட்டித் தட்டியேதான் சோதித்தேன். ரெண்டாவது, லேப்டாப்பில் வைத்து எழுதும்போது ஓடுகிற டெவலப்மென்ட் சர்வர் இதைத் தானாகவே சமாளித்துவிடும். நிஜ சர்வரில் ஏற்றும்போது நாமதான் சொல்லணும்: "யார் எந்த முகவரி கேட்டாலும், அப்படி ஃபைல் இல்லைன்னா முதல் பக்கத்தையே கொடு. மத்ததை ரவுட்டர் பார்த்துக்கும்." எங்கள் சர்வர் என்ஜின்எக்ஸ். ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரியை நான் போடவில்லை.

முகவரியில் ஹேஷ் குறி போட்டு எழுதுகிற பழைய முறையில் இந்தத் தொல்லையே கிடையாது. ஹேஷுக்குப் பின்னால் இருப்பது சர்வருக்கே போகாது. பார்க்க அழகா இல்லைன்னு அதை ஒதுக்கினேன். அழகு!

பையன் கையைக் குழாயடியில் பிடித்தோம். பேஸ்ட்டைக் கழுவி எடுக்கும்போது அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கு. பேஸ்ட், பேனா மை, மஞ்சள் எதைத் தடவினாலும் காயத்தின் ஆழம் எங்களுக்குத் தெரியாமல் போகும். எடுக்கும்போது வலியும் கூடும். அடிபட்ட உடனே தண்ணீர் காட்டியிருந்தால் காயம் குறைஞ்சிருக்குமான்னு கேட்டால், குறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். உறுதியாச் சொல்ல முடியாது. அந்த "சொல்ல முடியாது"தான் ராத்திரி தூங்க விடல.

ட்யூட்டி ரூமிலிருந்தே தம்பிக்கு போன் போட்டேன். "லிங்க்கை விடு. நான் டைப் பண்ணி அனுப்புறதை அப்படியே எல்லா குரூப்புக்கும் போடு."

அனுப்பியது இதுதான்: ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. எதையும் தடவாதீங்க. சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்கு வாங்க. கண்ணில் பட்டால் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது, நேராகக் கண் மருத்துவரிடம் போங்க.

மறுநாள் அந்த வரியைச் சேர்த்தேன். லிங்க் திறந்தது.

அதோட முடியல. இப்போ எந்தத் தப்பான முகவரிக்கும் சர்வர் முதல் பக்கத்தையே கொடுக்குது, ரவுட்டர் பட்டியலில் அது இல்லைன்னா வெள்ளைத் திரை. அதனால் பட்டியலில் எதனோடும் பொருந்தாத முகவரிகளுக்கென்று நட்சத்திரக் குறியோடு ஒரு ரவுட் வைக்கணும். தம்பி சொன்னான், "அண்ணே, அப்படி வர்றவங்களை நேரா விலைப்பட்டியலுக்குத் தள்ளி விட்ருங்க." சரவெடி கேட்டு வருகிறவர்கள் அவன் மனசில். கோர்த்துக் கட்டிய சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018லேயே தடை செய்துவிட்டது. அதைக் கேட்டு வருகிறவரிடம் பேசாமல் வேறு சரக்கைக் காட்டுவது எனக்குப் பிடிக்கல. "இது தடை செய்யப்பட்டது, எங்களிடம் இல்லை"ன்னு சொல்லும் பக்கமே வெச்சேன். கொஞ்சம் முறைச்சான்.

இன்னொரு சண்டையும் நடந்தது. பணம் கட்டும் பக்கத்துக்கு ஒரு ரவுட் வேணுமாம்.

2018 அக்டோபர் 23, அர்ஜுன் கோபால் வழக்குத் தீர்ப்பு. ஃபிளிப்கார்ட், அமேசான் உட்பட எந்த இணைய வணிகத் தளமும் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. எங்க பக்கத்து சைட்கள் பலவற்றில் கடைசிப் பட்டன் "விசாரணை அனுப்பு"ன்னு இருப்பது இதனால்தான். பட்டியலை அனுப்பினால் கடையிலிருந்து கூப்பிட்டுப் பேசுவார்கள். சரக்கு லாரியில் போகும், வாங்குபவர் லாரி ஆபீஸில் போய் எடுத்துக்கொள்வார். இது சட்டத்துக்கு எவ்வளவு தூரம் போதும்னு வக்கீல்கள்தான் சொல்லணும்.

"மத்தவங்க ஜிபே பட்டன் வெச்சிருக்காங்கண்ணே."

"வெச்சுக்கட்டும். நான் எழுதித் தர மாட்டேன்."

இந்த வருஷம் சீசனுக்கு முன்னாடி சோதனையை மாத்திக்கிட்டேன். முகப்பிலிருந்து ஆரம்பிக்கிறதில்லை. தீக்காயப் பக்கத்து லிங்க்கை மட்டும் அம்மா போனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவங்க அந்த சைட்டை முன்னப்பின்ன பார்த்தது கிடையாது.

அஞ்சு நிமிஷத்துல கூப்பிட்டாங்க.

"ஏண்டா, பட்டாசுக் கடைன்னு மேல போட்டுட்டு கீழ தண்ணிக் குழாய் படம் போட்ருக்க?"