மூக்குக் கண்ணாடியும் காமிராக் கண்ணும்

நம் வீட்டுக் கூடத்தில் அன்னையாரின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “படம் சற்று மங்கலாக இருக்கிறதே” என்பார்கள். மங்கலுக்குக் காரணம் நம் மூக்குக் கண்ணாடிதான். சரியாகச் சொன்னால், அதைக் கழற்றி வைத்த நம் மௌடிகம்தான்.

1978-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். தில்லிக் குளிரைப் பற்றிக் கேள்விப்பட்டே பயந்து கொண்டிருந்த அன்னையார், பேரப்பிள்ளையைப் பார்க்கும் ஆசையால் கும்பகோணத்திலிருந்து முதன்முறையாக நம் இல்லத்துக்கு வந்திருந்தார். சாந்தினி சௌக்கில் பழைய காமிராக் கடை ஒன்றில் நாம் ஸோர்க்கி-4 என்னும் ரஷ்யக் காமிராவை வாங்கியிருந்த சமயம் அது. வாசலில் நின்ற வேப்பமரத்தின் முன்னால், சால்வை போர்த்திய கோலத்தில் அன்னையாரை நிறுத்திப் படம் எடுக்க முற்பட்டோம்.

அந்தக் காமிரா ரேஞ்ச்ஃபைண்டர் வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் படம் பிடிக்கும் லென்ஸின் வழியாக நாம் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள தனிச் சாளரம் ஒன்றின் வழியாகவே பார்க்கிறோம். முன்புறத்தில் சற்று இடைவெளி விட்டு இரண்டு சாளரங்கள் உண்டு. இரண்டிலிருந்தும் வரும் பிம்பங்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒரு பிம்பம் நகரும். இரண்டும் ஒன்றாகி விட்டால் தூரம் சரி. ஆனால் தூரம் தவறாக இருந்தாலும் சாளரத்தில் தெரியும் காட்சி என்னவோ தெளிவாகவே இருக்கும். ஆகையால், அந்த இரட்டைப் பிம்பத்தைக் கவனிக்கத் தவறியவருக்கு எச்சரிக்கை செய்ய வேறு எதுவும் இல்லை.

கண்ணாடி அணிந்தவர்க்கு இங்கேதான் சங்கடம். ஜன்னலை ஒட்டி நின்றால் தெரு முழுவதும் தெரிகிறது. ஓரடி பின்வாங்கினால் தெருவின் இரு முனைகளும் மறைந்து போகின்றன. காமிராச் சாளரமும் அப்படித்தான். மூக்குக் கண்ணாடி விழிக்கு முன்னால் சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதற்கும் அப்பால்தான் காமிராவின் துளை. எனவே படத்தின் ஓரங்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. இடப்புறம் பார்க்கத் தலையை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும்; வலப்புறம் பார்க்க மறுபக்கம். இதற்கிடையில் காமிராவும் கூடவே அசைந்துவிடும். போதாக்குறைக்கு, துளையைச் சுற்றியிருந்த உலோக வளையம் கண்ணாடியில் கீறல் போட்டது.

அன்று நாம் பொறுமை இழந்தோம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டோம். அன்னையார் சிரித்தார்.

“ஏண்டா கண்ணாடியைக் கழட்டறே? அது இல்லேன்னா எதிரே நிக்கறது ஆளா மரமான்னு உனக்குத் தெரியாதே!”

“எல்லாம் தெரிகிறது அம்மா, அசையாமல் நில்லுங்கள்” என்றோம்.

ஸோர்க்கியில், பார்வைக் குறைக்கு ஏற்பத் துளையைத் திருத்திக் கொள்ள ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதை நம்பியே கண்ணாடியைக் கழற்றினோம். ஆனால் நமது கிட்டப்பார்வையின் அளவுக்கு அந்தத் திருத்தம் போதாது. மேலும் நம் கண்ணாடியில் ‘சிலிண்டர்’ பவரும் உண்டு. அந்தக் குறையை இந்த நெம்புகோல் நீக்காது. மாலை வெளிச்சம் குறைந்துவிட்டபடியால் லென்ஸை எஃப்-2 வரை திறந்திருந்தோம். 50 மில்லிமீட்டர் லென்ஸை அவ்வளவு திறந்து, இரண்டு மீட்டர் தூரத்தில் ஒருவரைப் படம் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு சாண்தான். பிம்பங்கள் ஒன்றாகிவிட்டன என்று நாமே நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினோம்.

பிலிம் சுருள் முடிந்து, கழுவிப் பிரதி வந்தபோது அன்னையார் ஊர் திரும்பியிருந்தார். படத்தில் வேப்பமரத்துப் பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் துல்லியமாக விழுந்திருந்தது. அதன் முன்னே அன்னையாரின் முகம் பனிமூட்டம் போல் இருந்தது. ஆளா மரமா என்று அவர் கேட்ட கேள்விக்குக் காமிரா பதில் சொல்லிவிட்டது!

அடுத்த முறை நன்றாக எடுத்துக் கொள்ளலாம் என்றிருந்தோம். அடுத்த முறை வரவில்லை. மறு வருஷம் தந்தி வந்தது. ஊரில் காரியங்கள் நடந்தபோது, மாலையிட்டு வைக்கத் தனிப்படம் ஒன்று வேண்டும் என்று தமக்கையார் கேட்டார். “காமிரா வச்சிருக்கிறவன் நீதானே?” என்று அவர் கேட்டபோது நாம் தலை குனிந்து நின்றோம். கடைசியில் ஒரு கல்யாணக் கோஷ்டிப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கினார்கள்.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தை நாம் சற்று ஆராய்ந்தோம். 1954-இல் வந்த லைக்கா எம்-3 காமிராவின் சாளரம் காட்சியை 0.91 மடங்கு அளவில், ஏறக்குறைய இயற்கை அளவிலேயே காட்டும். தூரம் பார்க்க அது மிக நேர்த்தி; ஆயின் கண்ணாடி அணிந்தவர்க்கு 50 மில்லிமீட்டர் சட்டத்தின் ஓரங்களே எட்டுவது கடினம். 1957-இல் வந்த எம்-2 காமிராவில் 0.72 மடங்கு. பிற்காலத்தில் 0.58 மடங்குச் சாளரமும் செய்தார்கள். காட்சி சிறுத்தால் ஓரங்கள் எளிதில் தெரியும். ஆனால் இரட்டைப் பிம்பமும் சிறுத்து, தூரக் கணிப்பின் நுட்பம் குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்க வேண்டும். துளையில் திருகிக் கொள்ளும் திருத்த லென்ஸும் கிடைக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு காமிராவிலிருந்து கண்ணை எடுத்தால் உலகமே மங்கல்!

ஆகையால் நாம் கண்ட வழி எளியது. கண்ணாடியைக் கழற்றுவதில்லை. துளையின் உலோக வளையத்தில் மெல்லிய ரப்பர் வளையம் ஒட்டிக் கொள்கிறோம். இருபார்வைக் கண்ணாடியானால் மேற்பகுதி வழியாகவே பார்க்கிறோம். ஏனெனில் சாளரத்தின் பிம்பம் கண்ணுக்கு அருகில் அன்றிச் சற்றுத் தொலைவில் நிற்பதாகவே அமைக்கப்படுகிறது. முதலில் நடுவே பிம்பத்தை ஒன்றாக்கி, பிறகு ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். வெளிச்சம் இருந்தால் லென்ஸை எஃப்-8-க்குக் குறுக்கி, மூன்று மீட்டரில் நிறுத்தி விடுகிறோம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் சுமார் இரண்டே கால் மீட்டர் முதல் நான்கு மீட்டர் வரை தெளிவு கிட்டும். முக்கியமான முகமானால் இரண்டாம் முறையும் எடுக்கிறோம். பிலிம் செலவைப் பார்ப்பதில்லை.

இப்போது கைபேசியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். ஆயினும் நம் பேத்திக்குப் பழைய காமிரா மேல் ஆசை வந்திருக்கிறது. அவளும் கண்ணாடி அணிந்தவள். சென்ற மாதம் ஸோர்க்கியை அவள் கையில் கொடுத்தோம். அவள் நம்மை ஒரு மரத்தின் முன்னால் நிறுத்தினாள். துளையில் கண் வைத்தாள், முகம் சுளித்தாள், கை மெல்லக் கண்ணாடியை நோக்கிப் போயிற்று.

“கழற்றாதே அம்மா” என்றோம்.

கூடத்தில் மாட்டியிருப்பது அந்த மங்கல் படந்தான். முகம் தெளிவில்லை, எனினும் அவர் சிரித்துக் கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியும்.