புதன்கிழமை சாயங்காலம் கரையில் தங்காத ஐந்து பேர்!

அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநிலத்தின் தலைநகர் அனாபொலிஸ். தலைநகர் என்றதும் பெரிய நகரத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். செவர்ன் ஆறு, செசபீக் விரிகுடாவில் வந்து சேரும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். அமெரிக்கக் கடற்படை அகாடமி 1845-ல் தொடங்கப்பட்டது இங்கேதான். தெருவுக்குத் தெரு தண்ணீர் தெரியும். தண்ணீர் தெரியும் இடமெல்லாம் பாய்மரங்கள் தெரியும்.

இந்த ஊரில் புதன்கிழமைக்குத் தனி மரியாதை உண்டு. ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் தொடக்கம் வரை, புதன்கிழமை மாலையானால் நூற்றுக்கும் மேற்பட்ட பாய்மரப் படகுகள் ஆற்றின் வாயில் கூடிவிடும். அனாபொலிஸ் யாட் கிளப் 1959-ல் தொடங்கிய வாராந்தரப் போட்டி இது. பரிசுப் பணம் எதுவும் கிடையாது. இதில் ஓடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தொழில்முறை வீரர்களும் இல்லை. அலுவலகத்திலிருந்து நேராக வந்து, காரிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு படகில் ஏறுகிறவர்கள்தான் அதிகம்.

வார நாளின் மாலையில் நடக்கும் இப்படிப்பட்ட போட்டிகளுக்கு அமெரிக்காவில் 'பீர் கேன் ரேஸ்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. போட்டி முடிந்து பாயைச் சுருட்டியதும் என்ன நடக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது!

ஆனால், அந்தக் கொண்டாட்டத்துக்காக மட்டும் ஒருவர் வாரம் தவறாமல் 20 வருடங்கள் வருவாரா?

ஐந்து பேர், ஐந்து வேலை

அந்தக் கூட்டத்தில் ஒரு படகு, ஜே-24 ரகம். ராட் ஜான்ஸ்டோன் என்பவர் தன் வீட்டு கார் ஷெட்டில் கட்டிப்பார்த்த படகிலிருந்து பிறந்த ரகம் இது. 1977-ல் விற்பனைக்கு வந்து, உலகம் முழுக்க 5,000-க்கும் மேல் செய்யப்பட்டுவிட்டது. நீளம் 24 அடிதான். பந்தயத்தில் இதை வழக்கமாக ஐந்து பேர் ஓட்டுவார்கள். இந்த ரகத்தின் விதிப்படி, அவர்களின் மொத்த எடை 400 கிலோவைத் தாண்டக் கூடாது. அதனால் சீசன் நெருங்கும்போது யார் எத்தனை கிலோ என்பதுதான் குழுவில் முக்கியமான பேச்சு!

படகின் சொந்தக்காரர் ஒரு பள்ளி ஆசிரியை. சுக்கான் அவர் கையில். பெரிய பாயைக் கவனிப்பவர் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ். முன்பாயையும், காற்று பின்னாலிருந்து வரும்போது பலூன்போல விரியும் ஸ்பின்னேக்கர் பாயையும் கயிற்றால் இழுத்தும் விட்டும் பிடிப்பவர் ஒரு பிளம்பர். பாய்மரத்தின் அடியில் நின்று பாய்களை ஏற்றி இறக்குவது ஒரு கல்லூரி மாணவி.

ஐந்தாமவர், ஓய்வுபெற்ற தபால்காரர். நம் மீனவர்கள் அணியம் என்று சொல்கிறார்களே, படகின் அந்த முன்தலைதான் அவர் இடம். 60 வயதைக் கடந்தவர். 22 வருடங்களாக அந்த இடத்தை வேறு யாருக்கும் விட்டதில்லை.

முன்தலை வேலை லேசானதல்ல. பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித்தான் மேலேற முடியும். மேலே இருக்கும் மிதவையைச் சுற்றித் திரும்பியதும், காற்று முதுகுக்கு வந்துவிடும். அந்த நொடியில் ஸ்பின்னேக்கர் பாய் ஏற வேண்டும். அதைத் தாங்கும் கம்பை, படகு திசை மாறும்போதெல்லாம் ஒரு பக்கத்திலிருந்து கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும். ஆடுகிற, நனைந்த தளத்தில், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி ஒருவர் அதைச் செய்ய வேண்டும். அந்த ஒருவர்தான் தபால்காரர்.

செவ்வாய்க்கிழமை இரவு ஆசிரியை எல்லோருக்கும் ஒரே வார்த்தையில் குறுஞ்செய்தி அனுப்புவார்: 'நாளைக்கு?' நான்கு பதில்கள் வர வேண்டும். வரும். கல்யாண நாள், காய்ச்சல், பரீட்சை எல்லாவற்றையும் தாண்டி வரும். காரணம் எளிமையானது. ஒருவர் வராவிட்டால் மற்ற நான்கு பேரின் மாலையும் கெட்டுவிடும்.

நடுவர் இல்லாத ஆட்டம்

இந்தப் போட்டியைக் கரையிலிருந்து முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். ஓட்டப்பந்தயம்போலக் கோட்டில் நின்று கிளம்புவது கிடையாது. படகை நிறுத்தி வைக்க முடியாதே! ஐந்து நிமிடங்களுக்கு முன் எச்சரிக்கை ஒலி. அடுத்து நான்கு நிமிடத்தில் ஒன்று. பிறகு கடைசி ஒரு நிமிடத்தில் ஒன்று. அதுவரை எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கிளம்பும் ஒலி வரும் அந்த நொடியில், முழு வேகத்தில் கோட்டைத் தொட வேண்டும். ஒரு நொடி முந்திவிட்டாலும் திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும்.

இன்னொரு விஷயம், தண்ணீருக்குள் விசிலோடு நடுவர் யாரும் ஓடி வருவதில்லை. வலப்பக்கமிருந்து காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கமிருந்து வாங்கும் படகு வழிவிட வேண்டும் என்பது அடிப்படை விதி. மீறினால், மீறியவரே ஒப்புக்கொண்டு படகை இரண்டு முறை முழு வட்டம் சுற்றி, தண்டனையைத் தானே அனுபவித்துவிட்டுப் போக வேண்டும்.

பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு உலகம் முழுக்க ஒரே விதிப்புத்தகம்தான். அதில் முதல் விதியே ஜெயிப்பதைப் பற்றியதல்ல. ஆபத்தில் இருக்கும் எவருக்கும் முடிந்த எல்லா உதவியையும் செய்ய வேண்டும் என்பதுதான் முதல் விதி.

இதை உலகமே பார்த்த ஒரு நாள் உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் புசான் நகரக் கடலில் நடந்தன. கனடாவின் லாரன்ஸ் லெமியூ தன் பிரிவில் ஒரு சுற்றில் இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். பலமான காற்று. வேறொரு பிரிவில் ஓடிய சிங்கப்பூர் வீரர்களின் படகு கவிழ்ந்து, இருவரும் தண்ணீரில் தத்தளிப்பதைப் பார்த்தார். பந்தயப் பாதையை விட்டு விலகிப் போய் அவர்களைக் காப்பாற்றினார். மீட்புப் படகு வரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பந்தயத்தைத் தொடர்ந்தார். அந்தச் சுற்றில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தது போட்டிக் குழு. ஒட்டுமொத்தப் பட்டியலில் 11-வது இடம்தான் கிடைத்தது. ஆனால், விளையாட்டு உணர்வுக்கான பியர் தெ கூபர்டின் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

கடலில் ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதிப்புத்தகம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சொந்தப் படகுக்குள், 22 வருட நண்பரின் முட்டி வலிக்கும்போது என்ன செய்வது என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

பத்து நொடி

அந்த ஜூலை மாதத்தில் படகு மூன்றாவது இடத்தில் இருந்தது. முதலிடம் வந்தால் ஒரு புள்ளி, இரண்டாமிடம் வந்தால் இரண்டு. சீசன் முடிவில் யாருக்குக் குறைந்த புள்ளியோ அவரே வெற்றியாளர். ஒரே ரகப் படகுகள் மோதும் பிரிவு என்பதால் நொடிகள்தான் வித்தியாசம்.

அவர்களின் படகு ஒவ்வொரு மிதவையிலும் பத்து நொடி இழந்துகொண்டிருந்தது. தபால்காரர் முன்தலைக்குப் போகும்போது வேகம் இருந்தது. திரும்பி வரும்போது இல்லை. முட்டியை மடக்கி எழுவதற்குள் அவர் முகம் மாறிவிடும். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை.

ஆசிரியைக்கு நொடிகளைவிடப் பெரிய கவலை இருந்தது. முன்தலையில் கால் இடறினால் விழுவது தண்ணீரில். ஓடுகிற படகைத் திருப்பிக்கொண்டு வந்து ஒருவரைத் தூக்கி ஏற்றுவது, பயிற்சி இருந்தாலும் சுலபமல்ல. போட்டியில் கலந்துகொள்வதா, தொடர்வதா என்ற முடிவு அந்தந்தப் படகின் பொறுப்பு என்கிறது விதி. படகு என்றால் இங்கே அவர்தான். ஆனாலும், அவருக்குப் பாய்மரம் ஏற்றக் கற்றுக்கொடுத்ததே தபால்காரர். எப்படிச் சொல்வது?

கடைசியில் சொன்னவர் பிளம்பர். அதுவும் தப்பான இடத்தில். ஒரு புதன்கிழமை போட்டி முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் நர்ஸிடம், "அவர் முன்னாடி இருக்கிற வரைக்கும் நாம ஜெயிக்கப்போறதில்ல" என்றார். பத்தடி தள்ளித் தன் காரின் பின்கதவை மூடிக்கொண்டிருந்த தபால்காரருக்கு அது கேட்டுவிட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போலக் கையசைத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரவு, 'நாளைக்கு?' என்ற கேள்விக்கு மூன்று பதில்கள்தான் வந்தன.

அவர் இல்லாத படகு

நான்கு பேரோடு போனார்கள். மாணவி முன்தலைக்குப் போனார். ஸ்பின்னேக்கர் பாய் ஒரே மூச்சில் ஏறியது. கம்பு சிக்காமல் மாறியது. முடிவில் இரண்டாவது இடம். அந்த சீசனிலேயே அதுதான் அவர்களின் சிறந்த ஓட்டம்.

அனாபொலிஸ் போட்டியின் முடிவுக்கோடு நடுக்கடலில் இல்லை. ஸ்பா கிரீக் என்னும் குறுகிய ஓடைக்குள், கிளப் கட்டடத்தின் முன்னால் இருக்கிறது. கரையிலும் பாலத்திலும் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். அன்றும் தட்டினார்கள். படகில் இருந்த நான்கு பேரும் சிரிக்க முயன்றார்கள்.

கரைக்கு வந்ததும் பாயை மடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில் இழுத்து மடிக்க வேண்டும். பிளம்பர் ஒரு முனையைப் பிடித்தார். எதிர்முனை எப்போதும் தபால்காரருடையது. யார் பிடிப்பது என்று தெரியாமல் மூன்று பேரும் ஒரு கணம் நின்றார்கள்.

அவர் இல்லாமல் படகு வேகமாகப் போகிறது. இதை யாரும் மறுக்க முடியவில்லை. பிரச்னையே அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிளம்பர், தபால்காரரின் வீட்டுக் கதவைத் தட்டினார். "அன்னிக்கு உங்க முகத்துக்கு நேரா சொல்லியிருக்கணும். மறைவா சொன்னது தப்பு" என்றார். "ஆனா, சொன்னது பொய் இல்ல. முன்தலைக்கு இனிமே நீங்க வேண்டாம். படகுக்கு நீங்க வேணும். பாய்மரத்தடிக்கு வாங்க" என்றும் சொன்னார். மன்னிப்பு கேட்டுவிட்டு உண்மையை விழுங்கியிருந்தால், இன்னும் சில புதன்கிழமைகளில் எல்லோரும் அதே இடத்தில்தான் வந்து நின்றிருப்பார்கள்.

தபால்காரர் உடனே சரி என்று சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமையும் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை இரவு வெகுநேரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது: 'வரேன்.'

இடம் மாறினார்கள்

முதல் நாள் சொதப்பல்தான். 22 வருடங்கள் முன்னால் இருந்தவருக்குப் பின்னாலிருந்து கயிறு விடும் நேரம் பிடிபடவில்லை. அவசரப்பட்டுக் கயிற்றை விட்டார். ஸ்பின்னேக்கர் பாய் தண்ணீரில் விழுந்து படகுக்கு அடியில் போய்விட்டது. அதை இழுத்து எடுப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் தாண்டிவிட்டார்கள்.

"நான் 'இப்போ'ன்னு சொன்ன பிறகு விடுங்க" என்றார் மாணவி. அவர் முன்பு அந்த இடத்தில் நின்றபோது தபால்காரர் அவரிடம் ஆயிரம் முறை சொன்ன அதே வாக்கியம். கேட்டுக்கொள்வது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது வாரத்தில் கைகள் பழகின. வேறொன்றும் நடந்தது. முன்தலையில் இருக்கும்போது கம்பையும் கயிற்றையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது நிமிர்ந்து தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார். காற்று வரும் இடத்தில் தண்ணீர் கருத்துத் தெரியும். "இடது பக்கம் காற்று இருக்கு" என்று அவர் சொன்னால், ஆசிரியை யோசிக்காமல் திருப்பினார்.

சீசன் முடிந்தபோது அவர்கள் ஐந்தாவது இடம். மூன்றிலிருந்து ஐந்து. இதற்கு ஒரு கோப்பையும் இல்லை.

இதை நஷ்டம் என்று சொல்ல முடியுமா? சேர்ந்து ஆடும் ஆட்டங்கள் குறைந்து வருவதைப் பற்றி அமெரிக்கர்கள் நீண்டகாலமாகக் கவலைப்படுகிறார்கள். அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 2000-ம் ஆண்டில் 'பௌலிங் அலோன்' என்று ஒரு புத்தகமே எழுதினார். முன்பு குழுவாகச் சேர்ந்து பௌலிங் ஆடியவர்கள் இப்போது தனித்தனியாக ஆடுகிறார்கள் என்பதிலிருந்து வந்த தலைப்பு அது. 2023-ல் அன்றைய அமெரிக்க சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி, தனிமை பற்றி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். உறவும் நட்பும் அற்றுப்போவது, தினம் 15 சிகரெட் வரை புகைப்பதற்கு இணையாக ஆயுளைக் குறைக்கும் என்றது அந்த அறிக்கை.

தனிமைக்கு மருந்து 'நண்பர்கள் வேண்டும்' என்பதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நட்பு, 'ஒருநாள் பார்க்கலாம்' என்பதில் நிற்பதில்லை. அதற்கு ஒரு கிழமை வேண்டும், ஒரு நேரம் வேண்டும், 'நீ வராவிட்டால் இந்த வேலை நடக்காது' என்று ஒரு கயிறாவது கையில் இருக்க வேண்டும். வயதாகும்போது அந்தக் கயிறு மாறலாம். கையைவிட்டுப் போய்விடக் கூடாது.

குளிர்காலத்தில் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைத்துவிடுவார்கள். புதன்கிழமைகள் காலியாகிவிடும். தபால்காரர் முட்டிக்கு சிகிச்சை எடுத்துக்கொண்டார். மாணவி படிப்பை முடித்து, பக்கத்து ஊரிலேயே வேலை தேடிக்கொண்டார். ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, ஆசிரியையின் குறுஞ்செய்தி போனது: 'நாளைக்கு?'

பத்து நிமிடங்களுக்குள் நான்கு பதில்களும் வந்துவிட்டன. முதல் பதில் தபால்காரருடையது.