பத்து ரூபாய் ஃபியூஸும் மச்சினனின் உள்ளங்கையும்

‘காய்கறி விற்பதற்காக டீசல் பிக்கப் வண்டியில் மைக் செட் மாட்ட வேண்டும். எலெக்ட்ரீஷியனைத் தேடாமல் நாங்களே ஒயர் இழுத்துக்கொள்ளலாமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேளாண்மை அலுவலரிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். ஆனால், பதில் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஏனென்றால், இதை நானே செய்து, தப்பாகச் செய்து, அதற்கான விலையை இன்னொருவர் கொடுத்ததைப் பார்த்தவன் நான்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ரேடியோ பைத்தியம். ஏ.டி.டி. 27 நெல்லுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர். வானொலி மூலமாக விவசாயிகளிடம் பரவிய ரகம் என்பதால் அந்தப் பெயர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால், குரல் போய்ச் சேர்ந்தால் விவசாயம் பிழைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. வேளாண்மைக் கல்லூரியில் படிக்கும்போதுகூட விடுமுறைக்கு வந்தால் ஊர்த் திருவிழாவில் மைக் செட் அண்ணனுக்கு ஒயர் பிடிப்பதுதான் என் வேலை.

என் மனைவியின் தம்பிக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம். கத்திரி, தக்காளி, அவரை என்று மாறி மாறிப் போடுவான். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒருநாள், கத்திரிக்காய் மூட்டைகளை மார்க்கெட்டுக்குக் கொண்டு போனான். கிலோ எட்டு ரூபாய்க்குக் கேட்டார்கள். அதே காய், பக்கத்து டவுனில் தெருவில் கிலோ முப்பதுக்கு விற்றது. “மாமா, ஒரு பழைய பிக்கப் வாங்கிட்டேன். நானே வித்துக்கறேன். ஒரு மைக் மட்டும் நீங்க மாட்டிக் கொடுங்க” என்றான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலையை முடித்தேன். 40 வாட் ஆம்ப்ளிஃபையர், கூரையில் ஒரு ஹாரன் ஸ்பீக்கர். பேட்டரி பானெட்டுக்குள் இருந்தது. வீட்டு ஒயரிங்கில் மீதமிருந்த மெல்லிய ஒற்றைக் கம்பி ஒயரை பேட்டரியின் பிளஸ் முனையில் நேராகச் சுற்றினேன். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரத் தடுப்பில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே இழுத்தேன். ஃபியூஸ் கைவசம் இல்லை. ‘அடுத்த வாரம் போட்டுக்கலாம்’ என்று நினைத்தேன். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

எட்டு மாதம் எந்தப் பிரச்னையும் இல்லை. ஒருநாள் காலையில் காய் ஏற்றிக்கொண்டு போகும்போது டேஷ்போர்டுக்குக் கீழேயிருந்து புகை வந்திருக்கிறது. பக்கத்து இருக்கையில் அவன் மகள். பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடக் கூட்டிப்போனான். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தும் புகை நிற்கவில்லை. எப்படி நிற்கும்? என் ஒயர் சாவி வழியாக வரவில்லையே, பேட்டரியிலிருந்து நேராக வருகிறதே! பிள்ளையை இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, பானெட்டைத் திறந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றி, ஒயரைப் பிடித்து இழுத்துப் பிய்த்துவிட்டான். உருகிய பிளாஸ்டிக் துண்டையும் மீறி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால், கேபினில் சுருட்டி வைத்திருந்த சாக்குகளில் தீ பிடித்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தவன் என்னைத் திட்டவில்லை. “மண் பரிசோதனை செய்யாம ஒரு பிடி உரம்கூடப் போட விடமாட்டீங்களே மாமா” என்று மட்டும் சொன்னான். அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

கை ஆறிய பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து ஒயரிங் முழுவதையும் பிரித்தோம். காரணம் தெளிவாகத் தெரிந்தது. தகரத்தின் விளிம்பில் ஒயர் உரசி உரசி மேல் உறை தேய்ந்து, கம்பி பாடியைத் தொட்டிருக்கிறது. வண்டியின் பாடி முழுவதும் மைனஸ். டீசல் இன்ஜினைச் சுழற்ற அதிக சக்தி தேவை என்பதால், அதன் பேட்டரி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். அது ஒரு மெல்லிய ஒயரில் பாய்ந்தால், ஒயர் ஹீட்டர் காயிலாக மாறிவிடும். நடுவில் ஃபியூஸ் இருந்திருந்தால், கண் இமைக்கும் நேரத்தில் அது போயிருக்கும். மைக் பாடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது முறை நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மைக் செட் மட்டுமல்ல, ரேடியோ, கூடுதல் லைட் என்று எதை மாட்டினாலும் இதே முறைதான்.

முதலில், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். வேலை முடிந்த பிறகு கடைசியாக அதை மாட்டுங்கள். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

ஒயர் கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 40 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் மூன்று சொச்சம். ஆனால், ஆம்ப்ளிஃபையர் இழுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகவே போய்விடும். அதனால் ஆறு, ஏழு ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள பல இழை செம்பு ஒயர் போதும். வண்டி அதிர்வில் ஒற்றைக் கம்பி முறிந்துவிடும். ஃபியூஸ் 10 ஆம்பியர். அதை பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், நடுவில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் போடுவதும், கம்பியைச் சுற்றுவதும் ஃபியூஸே இல்லாததற்குச் சமம்.

தகரத்தில் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம். ஒயர் முழுக்க வளைவு டியூப் போட்டு, சைலன்சர் சூடு, கிளட்ச் பெடல், ஸ்டீயரிங் தண்டு இவற்றை விட்டு விலக்கிக் கட்டுங்கள். முனைகளை முறுக்கி டேப் சுற்றாமல், லக் வைத்து அழுத்தி இறுக்குங்கள். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட்டை முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் துருப்பிடிக்காது.

சாவியை அணைத்தால் மைக்கும் அணைய வேண்டும் என்றால், நான்கு கால் ரிலே ஒன்று போடுங்கள். 30-ம் எண் காலுக்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87-ல் ஆம்ப்ளிஃபையர், 86-ல் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயர், 85-ல் எர்த். அந்தச் சாவி ஒயர், வண்டியின் ஃபியூஸ் பெட்டிக்கு அடுத்து வருவதாக இருக்கட்டும்.

ஆம்ப்ளிஃபையரை முழங்காலும் கியர் கம்பியும் இடிக்காத இடத்தில், காற்றோட்டமாக, தகரப் பட்டையில் போல்ட் போட்டு மாட்டுங்கள். பிரேக் பிடித்தால் பறந்து வரும் பொருள் கேபினில் இருக்கக் கூடாது. ஹாரனின் வாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் மழைத் தண்ணீர் தேங்காது. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஓம் அளவும் ஆம்ப்ளிஃபையர் முனையில் எழுதியிருப்பதும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்ற சத்தம் ஏறினால், அது ஆல்டர்னேட்டர் சத்தம். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் இல்லாததால் அந்தத் தொல்லை கிடையாது. மைக் ஒயரையும் பவர் ஒயரையும் தள்ளித் தள்ளி இழுத்து, எர்த்தைச் சரியாக இறுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வண்டியை நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் பாட விடாதீர்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். அதற்கும் கீழே போனால், காயோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஓட்டிக்கொண்டே மைக்கில் பேசாதீர்கள். குரலைப் பதிவு செய்து பென் டிரைவில் போட்டுவிடுங்கள். ஒலி மாசு விதிகள், 2000-ன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்பதால், அங்கே அணைத்துவிட்டுக் கடந்து போங்கள்.

இப்போது மச்சினன் வண்டியில் ஒலிப்பது அவன் மகளின் குரல். ‘எங்க தோட்டத்துக் கத்திரிக்காய்... காலையில பறிச்சது’ என்று அவள் சொல்வதைக் கேட்டே வாசலுக்கு வருகிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரின் காயும் அதே வண்டியில்தான் போகிறது. சில்லறை வாங்கக் கையை நீட்டும்போது அவன் உள்ளங்கையில் அந்தத் தழும்பு தெரியும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: ஐயா, நீங்களே மாட்டிக்கொள்ளலாம். ஆனால், ஃபியூஸை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு மைக் செட் வாங்கப் போங்கள். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்று சாயங்காலம் டார்ச்சை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டி என்றால், எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் கூடுதல் ஒயர் எதிலாவது ஃபியூஸ் இல்லையென்றால், அதைப் போடும் வரை அந்த ஒயரைக் கழற்றி வையுங்கள்.