எஸ்.ஐ.யின் திருப்தி

தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அதன் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்கு நானே டீயும் வடையும் வாங்கித் தருகிறேன். 1982-ஆம் வருடத்து 14-வது சட்டம். செல்லப் பெயர் 'குண்டாஸ்'. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதை மருந்து விற்பவர், காட்டை அழிப்பவர், குண்டர், விபசாரத் தரகர், மணல் திருடுபவர், குடிசை நிலத்தை வளைப்பவர் என்று கூட்ஸ் வண்டி மாதிரி நீளும் பெயர். ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருப்பதால் முதல் பெட்டியில் சாராயக்காரர். கடைசிப் பெட்டியில் யார் தெரியுமா? திருட்டு வீடியோக்காரர்! 2004-ல் கோத்த பெட்டி அது. 2014-ல் நடுவே கம்ப்யூட்டர் குற்றவாளிக்கும் பாலியல் குற்றவாளிக்கும் இடம் போட்டார்கள்.

முதல் பெட்டியைப் பற்றி எங்கள் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கல்வராயன் மலையில் ஊறலை உடைத்துக் கொட்டுவதாகப் பேப்பரில் படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். தெருவில் வரிசையாகப் பந்தல் போட்டிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அதே வண்டியில் சினிமாவைக் காப்பி அடித்தவரையும் ஏற்றியிருக்கிறார்களே என்பதுதான் என் கேள்வி.

ஏறினால் என்ன ஆகும்? ஒரு வருஷம் வரை வழக்கு விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கலாம். நகரத்தில் போலீஸ் கமிஷனர், எங்கள் மாதிரி ஊரில் கலெக்டர் கையெழுத்துப் போட்டால் ஆயிற்று. அறிவுரைக் கழகம் என்று ஒன்று பரிசீலிக்கும். ஆனால் அதன் முன் வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை. ரீசார்ஜ், ரிப்பேர், ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் ஒரே மேஜையில். கடைக்காரர் என் சிநேகிதர். மலை மேலே பல ஊர்களில் சிக்னல் என்பது திருவிழா மாதிரி, எப்போதாவதுதான் வரும். அதனால் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சந்தைக்கு இறங்கி வருபவர்கள் மெமரி கார்டைக் கொடுத்து, "அண்ணே, பாட்டு ஏத்திக் குடுங்க" என்பார்கள். அவரும் ஏற்றிக் கொடுப்பார். கூட இரண்டு படமும் ஏறும். அது சட்டப்படி தப்பு. அதில் எனக்கோ அவருக்கோ சந்தேகமில்லை.

சில வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் ஜீப் வந்து நின்றது. எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். "யோவ், எல்லாத்தையும் தூக்குய்யா!" என்றார் எஸ்.ஐ. தூக்கினார்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர், யு.பி.எஸ்., ரிப்பேருக்கு வந்திருந்த நாலு போன். எந்தப் படம், யார் புகார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. "அதிகமா பேசுனே, குண்டாஸ்ல போட்டுருவேன்" என்ற வாக்கியம் மட்டும் கிடைத்தது. அவர் சம்சாரம் அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஒரு வருஷம்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் சினிமா மட்டுமா இருந்தது? மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் காலேஜ் அப்ளிகேஷனுக்காக ஸ்கேன் பண்ணி வைத்திருந்த சாதிச் சான்றிதழ்களும் இருந்தன. ஒரு பையன் பஸ் பிடித்து இறங்கி வந்து, பூட்டிய கடையையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி மலையேறி ஒரிஜினலை எடுத்து வர வேண்டும். அவனுக்கும் எந்த சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்?

சிநேகிதரோடு வக்கீலிடம் போனேன். அவர் எஃப்.ஐ.ஆரைப் பார்த்துச் சிரித்தார். காப்பிரைட் சட்டத்தோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையும் சேர்த்துப் போட்டு, எஸ்.ஐ.யே விசாரணை அதிகாரி என்று எழுதியிருந்தது. "ஐ.டி. சட்டம் 78-வது பிரிவுப்படி இன்ஸ்பெக்டர் ரேங்குக்குக் கீழே யாரும் விசாரிக்கக் கூடாதே சார்!" என்றார்.

பிறகு காப்பிரைட் சட்டத்தின் 64-வது பிரிவைக் காட்டினார். குற்றம் நடந்தது, நடக்கிறது, நடக்கப்போகிறது என்று எஸ்.ஐ. 'திருப்தி' அடைந்தால் போதும். வாரண்ட் இல்லாமலே காப்பிகளையும் 'தகடு'களையும் பறிமுதல் செய்யலாம். தகடு என்றால் இட்லித் தட்டு இல்லை. அச்சுக்கல், வார்ப்பு, நெகடிவ், காப்பி எடுக்கும் எந்தச் சாதனமும் தகடுதான். ஆக, கம்ப்யூட்டர் தகடு. சரி, யு.பி.எஸ். எப்படித் தகடு ஆயிற்று? ரிப்பேருக்கு வந்த போன்?

திருப்தி என்பதும் கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற ஏப்பம் இல்லை. ஒரு வீடியோ கேசட் கடைக்காரர் தொடுத்த வழக்கில் 1996-லேயே ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பிரிவை ரத்து செய்யவில்லை. ஆனால் அந்தத் திருப்தி கையில் உள்ள ஆதாரத்தின் மேல் வந்திருக்க வேண்டும், வெறும் மனம்போன போக்கில் அல்ல என்றது. எடுத்ததைச் சீக்கிரமே மாஜிஸ்திரேட் முன் வைக்க வேண்டும் என்றும், பறிபோனவர் 15 நாளுக்குள் அவரிடம் மனுப் போடலாம் என்றும் அதே 64-வது பிரிவு சொல்கிறது. இந்த 15 நாளை மட்டும் ஸ்டேஷனில் யாரும் நமக்குச் சொல்வதில்லை!

எஸ்.ஐ.யை மட்டும் குறை சொல்வானேன். மேலே பெரிய இடத்திலும் இதே கதைதான். 2012-ல் '3' படத்துக்காகவும் 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்காகவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத எதிரிகள் மேல் தடை வாங்கினார்கள். இந்த மாதிரி எதிரிக்கு நம் கோர்ட்டுகளில் 'அசோக் குமார்' என்று பெயர் வைப்பது வழக்கம். (ஊரில் உள்ள நிஜ அசோக் குமார்கள் மன்னிக்க!) இன்டர்நெட் கம்பெனிகள் என்ன செய்தன? விமியோ, டெய்லிமோஷன் என்று முழுத் தளங்களையே இழுத்து மூடின. கல்யாண வீடியோ போட்டவன், பாடம் நடத்தியவன் எல்லோருக்கும் கதவு சாத்தியாயிற்று. திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் அடையுங்கள் என்று ஜூனில் கோர்ட் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

பாடம் கற்றார்களா? 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே கோர்ட்டில் வாங்கிய உத்தரவில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள். அதில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற உலகப் புகழ்பெற்ற இலவச நூலகமும் மாட்டிக்கொண்டது. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்தியது போல!

ஒழுங்காகவும் செய்யலாம். 2016-ல் 'டிஷூம்' என்ற இந்திப் படத்துக்குத் தடை கேட்டுப் போனபோது மும்பை நீதிபதி கௌதம் படேல், எந்த லிங்க், யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டார். சரிபார்த்த பட்டியல் வந்த பிறகுதான் உத்தரவு போட்டார்.

தயாரிப்பாளர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்து, வெள்ளிக்கிழமை ரிலீஸ் பண்ணி, ராத்திரியே அது ஊரெல்லாம் ஓடினால் வயிறு எரியாதா? எரியும். ஆனால் சட்டத்துக்குப் பல் இல்லை என்று சொல்லாதீர்கள். காப்பிரைட் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை. சுலபமாக ஜாமீன் கிடைக்காத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தியேட்டரில் கேமரா வைப்பவருக்கு, 2023-ல் திருத்திய சினிமாட்டோகிராப் சட்டப்படி குறைந்தது 3 லட்சம் அபராதம். அதிகபட்சம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவிகிதம்! இத்தனை பல் இருக்கும்போது விசாரணையில்லாத குண்டாஸ் எதற்கு?

2018 மார்ச்சில் தமிழ் ராக்கர்ஸ் விஷயமாகக் கேரள போலீஸ் விழுப்புரத்தில் ஆள் பிடித்தது. அப்போது நாங்களும் அந்த மாவட்டம்தான். எங்கள் டீக்கடையில் ஒரே பரபரப்பு. ஆனால் அந்தத் தளம் வேறு வேறு முகவரியில் வந்துகொண்டேயிருந்தது. முகவரியை மாற்றத் தெரிந்தவர் தப்பிக்கிறார். முகவரி மாறாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவர் சிக்குகிறார்.

சிநேகிதருக்கு நாலு மாதம் கழித்துக் கோர்ட் மூலம் கம்ப்யூட்டர் கிடைத்தது. குண்டாஸ் வரவில்லை. காப்பிரைட் வழக்கு இருக்கிறது, வாய்தாவுக்குப் போகிறார். தப்புக்கு உண்டான தண்டனை வந்தால் கட்டுவேன் என்கிறார். அதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. மலைப் பையனின் சான்றிதழ் நாலு மாதம் ஸ்டேஷன் மூலையில் தூசி தின்றதற்கு எந்தச் சட்டத்தில், யாருக்கு, என்ன தண்டனை? அதுதான் தெரியவில்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்திருக்கிறது. 105-வது பிரிவுப்படி போலீஸ் சோதனை போட்டாலும் சாமானைத் தூக்கினாலும் அதை முழுக்க வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். செல்போனில் எடுத்தாலே போதும். உங்கள் ஊரில் ஜீப் வந்து நின்றால் சண்டை போடாதீர்கள். மரியாதையாக, "சார், கேமரா ஆன்ல இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு படத்துக்கு மட்டும் காப்பி கேட்பது திருட்டு ஆகாது!